கையைத் தூக்கி நின்ற கோல்

"கோல் போட்டவன் ஏன்டா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்க?"

கோல்கீப்பர் மிக் கேட்டதும் உடைமாற்றும் அறையே சிரித்தது. டீன் ஓல்ராய்ட் மட்டும் சிரிக்கவில்லை. சேறு அப்பிய காலுறையை உருட்டிக் கழற்றுவதிலேயே குறியாக இருந்தான்.

கால்பந்து சீசனின் கடைசி ஆட்டம். எதிரே வந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஹார்ல்டன். இந்தப் பக்கத்து ஸ்கார்விக்தான் டீனின் அணி. ஊர்க்காரர்கள் வேறு யாரிடம் தோற்றாலும் தாங்கிக்கொள்வார்கள். ஹார்ல்டனிடம் தோற்றால் திங்கட்கிழமை வேலைக்கே போகமாட்டார்கள். எண்பதாவது நிமிடம் வரை பெஞ்சில் தூறலில் நனைந்துகொண்டிருந்த டீனைப் போனால் போகிறதென்று இறக்கிவிட்டார்கள். இடது ஓரமாக ஓடினான், இரண்டு பேரை ஏமாற்றினான், போட்டான். ஒன்றுக்கு சைபர். அந்தத் தோல்வியோடு ஹார்ல்டன் நேராகக் கீழ் டிவிஷனில் போய் விழுந்தது.

கூரை பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு ஊர் கத்தியது. இவனோ இரண்டு கையையும் தூக்கி, தலையைக் குனிந்து, ஹார்ல்டன் ரசிகர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றான்.

பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் அப்படித்தான் நிற்க வேண்டும். தின்ற உப்புக்குக் காட்டும் மரியாதை. டீனுக்கு வயது முப்பத்தைந்து, ஆடியது பதினொரு கிளப். எங்கே கோல் போட்டாலும் அது இவனுடைய பழைய கிளப்பாகவே இருந்து தொலைக்கும். பாவம், ஆறு வருடமாக ஒரு கோலைக்கூட அவன் மனசாரக் கொண்டாடியதில்லை.

"இரு, இரு," என்றான் மிக். "ஹார்ல்டன்ல நீ எப்படா ஆடின?"

"ஆடியிருப்பேன். லோன்ல. மூணு வாரம் இரவலா அனுப்பியிருப்பாங்க."

"எந்த வருஷம்?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு?"

மிக் செல்போனை எடுத்து டீனின் ஜாதகத்தையே சத்தமாக வாசித்தான். இரண்டு கிளப் திவாலாகி மூடியிருந்தது, ஒன்று பெயரை மாற்றியிருந்தது. பதினொன்றும் வந்தன. ஹார்ல்டன் மட்டும் வரவில்லை.

"அடப்பாவி, ஆடவே ஆடாத கிளப்புகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கியேடா."

"பழக்கதோஷம். பந்து உள்ள போனா கை தானா மேல போயிடுது."

"சாயங்காலம் எந்த ஊர் வீட்டுக்குப் போகணும்னாவது ஞாபகம் இருக்கா?" என்று யாரோ மூலையிலிருந்து கேட்டார்கள். மறுபடி சிரிப்பு.

கேலி செய்தாலும் மிக்குக்கு உள்ளே வலித்தது. அடுத்த சீசனில் உனக்கு இடம் இல்லை என்று மேனேஜர் ஹாலம் திங்கட்கிழமையே டீனிடம் சொல்லிவிட்டார். டீனின் மனைவி கிளேர் ஒன்பது வீடு மாறியவள். மகளுக்கு இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். இனி வீட்டு வாசலுக்கு லாரி வந்தால் அது உன் சாமானை மட்டும்தான் ஏற்றும் என்று கிளேர் தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலம் வந்தார். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் ஒரு காகிதம்.

"ஓல்ராய்ட், திங்கட்கிழமை சொன்னதை மறந்துடு. இந்த ஒரு கோலுக்கே ஊர்ல உனக்குச் சிலை வைப்பாங்க. இன்னும் ஒரு வருஷம் இரு. இதுல கையெழுத்துப் போடு."

அறை கைதட்டியது. மிக் சந்தோஷத்தில் டீனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். டீன் அந்தக் காகிதத்தைப் பார்த்தான். அவன் முகம் முன்பைவிட மோசமானது.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் பாஸ்."

வழக்கம்போல மிக்கின் காரில்தான் இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மைதான வாசலில் ஒரே கூட்டம், கார் நகரவில்லை. மிக் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"உனக்கு மண்டையில ஏதாவது அடி பட்டுச்சா? செவ்வாய்க்கிழமை இதே சீட்ல உட்கார்ந்து அழுத. ஒரே ஒரு வருஷம் கிடைச்சாப் போதும், கிளேர் என்கூட இருப்பான்னு புலம்பின. இன்னைக்கு அந்த மனுஷன் தட்டுல வச்சுக் கொடுக்கிறார். துரை வீட்ல கேக்கணுமாம்."

"வீடு மாத்த வேண்டாம் மச்சான். அது அப்பவே முடிஞ்சுபோச்சு. கிளேருக்கும் சந்தோஷம்தான்."

"அப்புறம் என்ன?"

டீன் பதில் சொல்வதற்குள் ஹார்ல்டன் அணியின் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. முன் சீட்டில் அவர்கள் மேனேஜர். சாம்பல் பூத்த முகம். கண்ணாடி வழியாக டீனைப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். டீனின் இரண்டு கையும் தானாக மேலே போயின.

"அவர் ஏன்டா உன்னை அப்படிப் பார்க்கிறார்?" என்றான் மிக்.

பஸ் நகரும்வரை டீன் கையை இறக்கவில்லை.

"வியாழக்கிழமை அவர்கிட்ட ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். ஹார்ல்டன் நம்ம வீட்லேர்ந்து பன்னிரண்டு நிமிஷம்தானே," என்றான். "அடுத்த சீசன்ல அதான் என் கிளப். பந்து வலைக்குள்ள போனப்புறந்தான் மச்சான் எனக்கு ஞாபகமே வந்துச்சு."