வேண்டாத மழை

கடல்கள் கோர்ட்டுப் படியேறிய காலம் அது. ஏழு கடலிலும் குடித்துக் கொழுத்த ஒரு மேகம், "என் வீடு இதுதான்" என்று ஒரு மொட்டைக் குன்றின் மேல் நிற்கும். வீடிருக்கும் இடத்தில்தான் மழை பெய்ய வேண்டும் என்பது சட்டம். நிழல் கிடைத்தால் போதுமென்று, குன்று வருஷத்துக்கு ஒரு சொட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தது.

எங்களிடம் குடித்ததற்கு மேகம் மழையே பெய்வதில்லை என்று கடல்கள் வழக்குப் போட்டன. நீதிபதி காற்று, "பாக்கி மழை முழுவதையும் குன்றின் மேல் கொட்டு" என்றார்.

"வேண்டாம் சாமி, மேகத்தண்ணன் கோபித்துக்கொண்டு போய்விடுவார்" என்று குன்று கெஞ்சியது.

"அட அசடே, தீர்ப்பு உனக்குச் சாதகம்" என்றார் நீதிபதி.

மேகம் கொட்டித் தீர்த்தது. குன்றின் உடம்பெல்லாம் புல் முளைத்தது. குன்றோ, மெலிந்து நகரும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்கே வாங்கண்ணே, எனக்கு அரைச் சொட்டு போதும்" என்றது பக்கத்துக் குன்று.

"எனக்குச் சொட்டே வேண்டாம்ணே" என்று கத்தியது, தலைமுதல் கால்வரை நனைந்திருந்த குன்று.