மூச்சு விட்ட வீடு

“நான் கட்டின வீட்டுக்குள்ள என் அனுமதி இல்லாம காத்துகூட நுழையாது!”

மினசோட்டாவில் தன்னை மிஞ்சிய கட்டடக்காரர் இல்லை என்று நம்பும் லாய்ட் ஹேகன், சாமான் ஏதுமில்லாத வரவேற்பறையின் நடுவில் நின்று இப்படி அறிவித்தார். தாடியில் ஒரு பீன்ஸ் ஒட்டியிருந்தது.

“துடைச்சுக்குங்க,” என்று காகிதத் துண்டை நீட்டினாள் வீட்டின் சொந்தக்காரி ஜனெல். “அடுப்புல வேகவெச்ச இந்த பீன்ஸ் ஹாட்டிஷ் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா? உங்களுக்காகத்தான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து செஞ்சேன். நீங்க இல்லேன்னா எங்களுக்கு ஏது வீடு?”

“வை, வை.”

மூன்றாவது தட்டு.

வெளியே பனியில், அவள் சாமான்களை ஏற்றிய லாரி நின்றது. வாடகை வீட்டை மாலைக்குள் காலி செய்தாக வேண்டும். இன்றைய சோதனையில் தேறினால்தான் புது வீட்டில் குடியேற நகராட்சி அனுமதி தரும்.

சோதிக்க வந்த நோரீன், வாசலைச் சிவப்புத் துணியால் அடைத்து, அதில் பெரிய மின்விசிறியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும். ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை தடவை மாறுகிறது என்று கருவி சொல்லும். மூன்றைத் தாண்டினால் தேறாது.

“வெப்பக்காத்து போற குழாயெல்லாம் பார்த்தாச்சு, கசிவு இல்ல,” என்றாள் நோரீன். “வீடு முழுக்க ஒரு சுத்து சுத்தியும் பார்த்துட்டேன். பாத்ரூம்ல காத்தை வெளிய தள்ளற விசிறியெல்லாம் அடைச்சாச்சா?”

“நானே என் கையால டேப் போட்டேன். ஒரு கொசுகூட தப்பிக்காது.” லாய்ட் வயிற்றைத் தடவிக்கொண்டார். “இரு, மாடியில டேப் சரியா நிக்குதான்னு கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு வரேன்.”

பார்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கைகளைக் கால்சட்டையில் துடைத்தபடி இறங்கி வந்தார்.

விசிறி சுழன்றது. கருவி நான்கு புள்ளி ஒன்று காட்டியது.

“உன் மெஷின்ல கோளாறு,” என்றார் லாய்ட்.

“காலையில இன்னொரு வீட்டுல நல்லாத்தானே வேலை செஞ்சுது?”

“அப்ப அந்த எலெக்ட்ரீஷியன் பய! சுவரெல்லாம் சல்லடையாக்கிட்டான். இல்லேன்னா ஜன்னல் மாட்டினவன். என் வேலையில மட்டும் குத்தம் இருக்காது!”

“அப்ப ராத்திரி நாங்க எங்க படுக்கறது? லாரியிலயா?” என்றாள் ஜனெல்.

லாய்ட் மண்டியிட்டு, பிளக் பாயின்ட் ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். காற்று நுழையும் இடத்தைப் புகைவிட்டுக் காட்டும் குழலை எடுத்துக்கொண்டு நோரீன் மாடிக்குப் போனாள்.

இறங்கி வந்து, மறுபடி விசிறியைப் போட்டாள்.

இரண்டு புள்ளி இரண்டு.

ஜனெல் ஓடிவந்து லாய்ட்டைக் கட்டிக்கொண்டாள். “தெய்வமா வந்தீங்க! இந்த நன்றியை எப்படித் தீர்க்கப்போறேன்!”

“நான்தான் அப்பவே சொன்னேன்ல?” லாய்ட் மார்பை நிமிர்த்தினார். “எங்க இருந்துச்சு நோரீன்? எலெக்ட்ரீஷியன் போட்ட ஓட்டைதானே?”

“இல்ல. மாடி பாத்ரூம் பக்கம்.”

லாய்ட்டின் காது இரண்டும் சிவந்தன.

“யாரு பண்ணின தப்பு?” என்றாள் ஜனெல்.

நோரீன் துணியை மடித்தாள். “யாரும் இல்லம்மா. வீடு கொஞ்சம் மூச்சு விட்டுச்சு, அவ்வளவுதான். நீ போய் லாரியைத் திறக்கச் சொல்லு.”

ஒரு ஆணியைக்கூட அடுத்தவருக்காகச் சுமந்தறியாத லாய்ட், அந்தக் கனத்த விசிறியைத் தோளில் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து, நோரீனின் வேனில் ஏற்றினார்.

“ரொம்ப நன்றி, நோரீன்,” என்றார். அன்றைக்கு அவர் சத்தமில்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

“பரவாயில்லங்க. ஜனெல் எனக்கும் ஒரு தட்டு பீன்ஸ் கட்டிக்கொடுத்திருக்கா. நான் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடணும்.”

நாற்றத்தை வெளியேற்றும் விசிறியைத் தன் கையாலேயே டேப் போட்டு அடைத்திருந்ததால், மாடிக் கழிவறையை விட்டு வரும்போது லாய்ட் அதன் ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.