மீட்கப்பட்ட ஆமை

ஓடைக்கரையில் சுவர் கட்டும் முன், தண்ணீரில் உள்ள உயிர்களையெல்லாம் பிடித்து மேல்பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். அதைப் பார்த்து ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் இறங்கலாம்.

புதிதாக வந்திருந்த ஆய்வாளர், தண்ணீரில் மிதந்த டீசல் படலத்தைப் பார்த்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாத்தையும் பிடிச்சு விட்டாச்சா?"

"நண்டு முதக்கொண்டு விட்டாச்சு மேடம். இது ஒண்ணுதான் பாக்கி," என்று மேஸ்திரி ஓர் ஆமையை அவள் கையில் வைத்தார். சில்லென்று இருந்தது.

"தலையே தெரியலையே?"

"புது ஆளப் பாத்தா உள்ள இழுத்துக்கும் மேடம். மாமியார் வந்தா நானும் அப்படித்தான்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆமையோடு படம் எடுத்துக்கொண்டாள், கையெழுத்தும் போட்டாள். இயந்திரம் உறுமிக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது.

"இதை நானே மேல கொண்டுபோய் விட்டுடறேன்."

"ஐயோ, குடுங்க மேடம்," என்று பதறி வாங்கிய மேஸ்திரி, ஐஸ் பெட்டியைத் திறந்தார். "அடுத்த வாரம் எதிர்க்கரைக்கும் படம் எடுக்கணும். முன்ன இருந்த சார் ரெண்டு வருஷமா இதோடதான் நின்னாரு. வெளிய வச்சா நாறிடும்."

அவள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள்.

எதிரே, இயந்திரம் அள்ளிக் கொட்டிய சேற்றில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.