குளிப்பாட்டுகிறவன்

மேஸ்திரியின் மேல் சோப்பு வாசனை வந்தது.

போர்வையை மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். டம்ளர் பிடிக்கவே கை நடுங்கும் மனிதர். ஆனால் கன்னம் மழமழவென்று இருந்தது. கழுத்தில் பவுடர்கூடப் பூசியிருந்தது.

"யாருய்யா குளிப்பாட்டினது? என்னைத்தான் கிட்டயே சேக்க மாட்டேங்கிறீங்க. எத்தனை பேரைக் குளிப்பாட்டின கை இது."

"அந்த எத்தனை பேர்ல நான் வேண்டாம்மா. பொம்பளப் புள்ள முன்னாடி துணியை அவுத்துட்டு நிக்கிறதுக்கு நாறிக்கிட்டே செத்துப்போகலாம்."

"அப்ப யாரு?"

"எப்பவும் குளிப்பாட்டுறவன்தான்."

மடித்த போர்வை அவள் கையிலேயே நின்றது. அந்த முதியோர் இல்லத்தில் ஆண்களைக் குளிப்பாட்டிவந்த ஒரே ஆள், போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் இடத்துக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை.

அந்த அறையில் வேறு ஆள் என்றால் பக்கத்துக் கட்டிலில் தையல்காரர் மட்டும்தான். வீட்டு மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லி மகன் கொண்டுவந்து சேர்த்தான். அன்றிலிருந்து படுத்த படுக்கை. எலும்பு கூடிவிட்டது, ஏன் நடக்கவில்லை என்றுதான் புரியவில்லை என்றார் டாக்டர். ஞாயிறு தவறாமல் வரும் அந்த மகன், "அப்பா எப்ப சிஸ்டர் நடப்பாரு?" என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு இளகும்.

"நீங்களாச்சும் பாத்தீங்களாய்யா?"

தையல்காரர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் என்னத்தைம்மா கண்டேன், கட்டையாட்டம் கிடக்கிறவன்."

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபின் அவள் மட்டும் திரும்பி வந்தாள். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கூடவே தணிந்த ஆண் குரல் ஒன்று: "இன்னும் கொஞ்சம் குனிங்க."

அவளுக்குப் போன மாதம் செத்தவனின் ஞாபகம் வந்தது. கதவைத் தள்ளினாள்.

ஸ்டூலில் மேஸ்திரி, இடுப்பில் துண்டோடு. அவருக்குப் பின்னால், சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றபடி முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார் தையல்காரர்.

பயம் போன வேகத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஐயா, எந்திரிச்சுட்டீங்களே. இப்பவே உங்க பையனுக்குப் போன் பண்றேன். பாவம், எவ்வளவு சந்தோஷப்படுவாரு."

குவளை கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

தையல்காரர் சுவரைப் பிடித்தபடி ஈரத் தரையில் மெல்ல உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் உயிரில்லாதவை போல நீட்டிப் போட்டுக்கொண்டார்.

"சொல்லிடாதம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான்."