காணாமல் போன வெளிச்சம்

“என் பொண்ணு முகத்தை வச்சா சீட்டுக் குலுக்கிப் போடறீங்க?”

கேட்டுவிட்டு அவளே பயந்துபோனாள். உரக்கப் பேசிப் பழக்கமில்லாதவள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் கோபப்படவில்லை. சிரித்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் இவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘குலுக்கல் சார்’.

மகளின் இடது கன்னத்தில் பிறந்ததிலிருந்தே சிவப்பாக ஒரு மறு. வளர்ந்து வளர்ந்து இப்போது கண் ஓரம் வரை வந்துவிட்டது. நாளைக்கு மருந்து ஏற்றி, அந்த இடத்தில் ஒளி பாய்ச்சப் போகிறார்கள். எவ்வளவு ஒளி என்று சொல்ல வேண்டியவர் இவர்தான். குறைந்தால் பலனில்லை. கூடினால் கன்னம் வெந்துவிடும்.

அப்படிப்பட்டவர் குலுக்கிப் போடுகிறாராம்!

“உட்காருங்கம்மா. நீங்களே பாருங்க.”

திரையில் தோல் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே இறங்கியது. இங்கே முட்டி, அங்கே திரும்பி, வழி தெரியாத பிள்ளை மாதிரி அலைந்து, சட்டென்று அணைந்தது.

“எங்க போச்சு மாமா?” என்றாள் மகள்.

“உன் மறு முழுங்கிடுச்சு.”

“அடுத்தது?”

“தெரியாதே பாப்பா. முழுங்கினாலும் முழுங்கும், தப்பிச்சு வெளியே வந்தாலும் வரும். அதான் சீட்டுக் குலுக்கறேன்.”

“தெரியாதுன்னா அப்புறம் என்ன சார் கணக்கு?” என்றாள் அவள்.

அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். லட்சம் பொட்டுகள் மழையாகக் கொட்டின. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஓடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கூச்சல் குழப்பத்துக்குள்ளிருந்து ஒரு பூ விரிந்தது. நடுவில் அடர்த்தி, ஓரத்தில் மங்கல்.

அழித்துவிட்டு மறுபடி குலுக்கினார். பொட்டுகள் வேறு வழியில் ஓடின. அதே பூ.

இன்னொரு முறை. அதே பூ.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எதுவும் சொல்பேச்சுக் கேட்கவில்லை. எல்லாம் சேர்ந்து எப்படி இப்படி?

“ஒத்தைப் பொட்டு எங்க போகும்னு எனக்குத் தெரியாதும்மா. கூட்டம் எங்க போகும்னு தெரியும். நாளைக்கு ஏத்தப்போற மருந்தும் அப்படித்தான். ரத்தத்துல திரிஞ்சு திரிஞ்சு, எது எங்க தங்கும்னு சொல்ல முடியாது. எவ்வளவு தங்கும்னு சொல்லலாம்.”

கதவு திறந்தது. பெரிய டாக்டரம்மா. காலையில்தான், வெறும் வயிற்றோடு வரச் சொல்லியும் டீ குடித்துவிட்டு வந்த ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்.

கூடவே வந்த நர்ஸ், மகளின் கன்னத்தில் சின்ன விளக்கை வைத்தாள். திரும்பி வரும் ஒளியைப் பக்கத்திலிருந்த மீட்டர் அளந்தது.

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. “நீங்க கணக்குப் போட்டுச் சொன்னதுல பாதிகூடத் திரும்பி வரலையே! மீதி வெளிச்சம் எங்க போச்சு?”

குலுக்கல் சார் மீட்டரைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார்.

“மறு ரொம்ப முழுங்குது போல. நாளைக்கு ஒளியோட பலத்தைக் கூட்டிடலாமா?” என்றார் டாக்டரம்மா.

“ஐயோ, வேண்டாம் டாக்டர்!” என்று பதறினார் குலுக்கல் சார்.

“ஏன்? இவங்க ஏதாவது சொன்ன பேச்சைக் கேக்காம வந்திருந்தா சொல்லுங்க. திருப்பி அனுப்பிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடறேன்.”

அவள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“இல்லை டாக்டர். தப்பு என்னோடது. கணக்குல ஒரு அடுக்கு விட்டுப்போச்சு. நாளைக்குக் காலைல மறுபடி அளந்துட்டு ஒளி வைக்கலாம்.”

“பச்சைப்பிள்ளை முகம் சார் இது! பொறுப்பு வேண்டாமா?” எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார் டாக்டரம்மா. நர்ஸும் பின்னாலேயே போனாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளையா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்?

“நல்லவேளை, அவங்க வந்தாங்க சார். இல்லேன்னா என் பொண்ணு கதி?”

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். தோலுக்கு மேலே மெல்லிசாக ஒரு கோடு சேர்த்து, மறுபடி குலுக்கினார்.

பொட்டுகள் கொட்டின. பாதி அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. கீழே வந்து நின்ற எண், மீட்டர் காட்டிய அதே எண்.

“வெளிச்சம் காணாமப் போகலைம்மா. உள்ளே இறங்கறதுக்கு முன்னாடியே ஏதோ பிடிச்சு வச்சிருக்கு.”

அவள் கை தன்னையறியாமல் கைப்பையை மூடிக்கொண்டது. உள்ளே, தோல் நிறத்தில் ஒரு க்ரீம் டப்பி. வெளியே கிளம்பும்போதெல்லாம் மறு மேல் மெல்லிசாகத் தடவிவிடுவது. கன்னத்தில் எதுவும் தடவக் கூடாது என்று சொல்லியிருந்தும், இன்றைக்கும் தடவியிருந்தாள்.

“நாளைக்கு வெறும் கன்னத்தோட வந்து, அதுல கூட்டின ஒளியை வச்சிருந்தா...” அவர் முடிக்கவில்லை.

காணாமல் போன ஒளி, அவள் ஒளித்ததைப் போய்ச் சொல்லிவிட்டதே!

“பஸ்ல எல்லாரும் வெறிச்சுப் பாக்கறாங்க சார்... உங்க கணக்கு சரிதானே? ஏன் சார் தப்புன்னு சொன்னீங்க?”

“தப்புதாம்மா. ஒளி எப்படியெல்லாம் தடுமாறும்னு எல்லாத்தையும் கணக்குல சேர்த்தேன். பெத்தவ எப்படித் தடுமாறுவான்னு சேர்க்க விட்டுட்டேனே.”