கடல் தாண்டி வந்தவள்

“கடலைத் தாண்டினா சாதி போயிடுமாமே, நெசமாப்பா?” என்று சிறு வயதில் பூமாலை அப்பாவிடம் கேட்டாள்.

பெரியவளானதும் உபகாரச் சம்பளத்தில் கனடா சென்று, இரண்டு ஆண்டு பிரசவ வைத்தியம் படித்து, 1938இல் திரும்பினாள். சென்னையில் கிடைத்த பெரிய வேலையை விட்டுத் சொந்த ஊர்ப் பக்கமான திண்டிவனம் ஆஸ்பத்திரி வேலையைக் கேட்டு வாங்கினாள்.

ஒரு நாள் ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பிரசவ வலியில் துடித்தவளின் தாய் கெங்கம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“சீமைக்குப் போயிட்டு வந்தவளாமே நீ?”

“ஆமாங்க. கொழந்த குறுக்க திரும்பிக்கினு இருக்குதாம். வழி விடுங்க.”

“ஐயரு வீட்டுப் பொண்ணாட்டம் இருக்கறே. வெள்ளக்காரங்களோட துன்னுக்கினு இப்படியா சாதியத் தொலைப்பே?”

பூமாலை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே அலறல் கேட்டது.

“தலை முழுகிட்டு வந்தா விடுவீங்களா?”

“கெணத்தாண்ட போ, ஜல்தி! போன சாதி வந்துடும்.”

அந்தக் கிணற்றை அவள் அதுவரை தொட்டதில்லை. கெங்கம்மாளின் பண்ணையாளாயிருந்த சேரி ராயப்பனின் மகள் அவள்; வளர்ந்து வந்தவளைக் கெங்கம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை. கடல் தாண்டினால் தன் சாதி போய்விடாதா என்ற ஆசையில்தான் சிறு வயதில் அப்பாவிடம் கேட்டாள்.

ஈரப் புடவையோடு உள்ளே நுழைந்தபோது குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. தாயை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

ஆண்கள் குழந்தையைப் புதைக்கப் போனார்கள். கெங்கம்மாள் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தாள். ராயப்பனின் தாயில்லாத சிறுமிக்கு, அதே தோட்டத்து வேலி மறைவில், ஒருவருக்கும் தெரியாமல் தினமும் பால் ஊற்றி அனுப்பியவள் அவள்தான்.

பூமாலை யாரும் பார்க்காதபடி கதவைச் சாத்தினாள். மயக்கம் தெளிந்து கண்விழித்த கெங்கம்மாள் மகளின் தலையை மடியில் தாங்கி, பாலைச் சிறுகச் சிறுகப் புகட்டினாள்.