டேங்க் மூடியின் சந்தனப் பொட்டு

அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றுவிடும். மெக்கானிக் உடனே கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்.

“எப்பப் பாரு என்னையே அம்மணமாக்குறாங்க. நீங்க பெட்ரோல் விட்டாத்தானே, டேங்க் அண்ணே?” என்று கார்புரேட்டர் அழுதது.

“காத்து உள்ளே வந்தாத்தானே பெட்ரோல் இறங்கும், தம்பி? மூடியோட ஓட்டை அடைச்சிருக்கு” என்றது டேங்க்.

மூடியின் காற்றுத் துளைமேல் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

“அந்தப் பொட்டை உதிர்த்துடுங்களேன்!” என்று கார்புரேட்டர் மூடியிடம் கெஞ்சியது.

“பூஜையில வச்சதை உனக்காக அழிக்கணுமாக்கும்!” என்றது மூடி.

மறுபடி வண்டி நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று ஓனர் மூடியைத் திறந்தார். காற்று உள்ளே போனது. அவர் மூடியை மூடி, பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உதைத்தார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

“எல்லாம் பொட்டோட மகிமை!” என்று பூரித்த ஓனர், வீட்டுக்குப் போனதும் அதன்மேலேயே இன்னும் கெட்டியாகச் சந்தனம் அப்பினார்.

கார்புரேட்டர் மெக்கானிக்குக்காகக் காத்திராமல் தன் ஸ்குரூக்களைத் தானே தளர்த்திக்கொண்டது.